அம்மன் கனத்துக்கு ஒரு அலைன்மெண்ட்

மார்ச் 3, செவ்வாய்

டயர் கடையில் ஓசியாகக் கொடுத்த டைரி பொங்கலிலிருந்து வண்டிக்குள் சும்மா கிடந்தது. இன்று முதல் எழுதுகிறேன். வண்டி சங்கதி மட்டும். வீட்டுச் சங்கதி ஒரு வரிகூட வராது.

முதல் பக்கத்தில் விவரம் கேட்டிருந்தார்கள். பெயர் செங்கோட்டுவேல். தொழில், சொந்த மினி லாரி, டிரைவரும் நானே. ஊர் ஓலக்காட்டுப்பாளையம், சங்ககிரிப் பக்கம். அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவர் என்று ஒரு கோடு இருந்தது. அதை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன்.

இன்று வண்டியின் உயரத்தைக் குறைத்தேன். காரணம் ரயில்வேக்காரன். எங்கள் பொன்காளியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு அம்மன் ஆற்றுக்குத் தீர்த்தமாடப் போவது என் வண்டியில்தான். என் அப்பன் காலத்தில் மாட்டு வண்டி, இப்போது லாரி. இந்த வருசம் ரயில்வே கேட்டை மூடிவிட்டுச் சுரங்கப் பாதை தோண்டி, அதற்கு முன்னால் குறுக்கே ஓர் இரும்புக் கம்பியும் நட்டுவிட்டான். வண்டி மேல் அம்மன், அம்மனுக்குப் பின்னால் வளைவாகத் திருவாசி. கம்பிக்குக் கீழே நுழையாது.

கோயிலில் கூட்டம் போட்டார்கள். திருவாசியை அறுக்கலாம் என்று ஒருத்தன் சொன்னான். பூசாரி நாச்சிமுத்து அழுதேவிட்டார். அம்மனைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளலாம் என்றான் இன்னொருத்தன். அவனை அடிக்கப் போனார்கள். கடைசியில் தர்மகர்த்தா அர்த்தனாரி என்னைப் பார்த்து, "செங்கோட்டா, வண்டிய எறக்கீரலாமா?" என்றார். என் பெண்டாட்டியின் அண்ணன் பொங்கியண்ணன் உடனே எழுந்து, "மாப்ளைக்குச் சிரமம்னா நம்மகிட்ட டிராக்டர் இருக்குதுங்க. டிரெய்லர் தாழ்வாத்தான் இருக்கும்" என்றான். அவனுக்கு இந்த மரியாதை மேல் பல வருசமாக ஒரு கண். நான் சரி என்று சொல்லிவிட்டேன். அம்மன் காரியத்துக்கு என்ன மறுபேச்சு?

அம்மன் மேல் டேப் வைத்து அளக்கக் கூடாது. அதனால் பூசாரி வண்டி மேல் ஏறி நின்று, திருவாசி இவ்வளவு உயரம் என்று கையைத் தூக்கிக் காட்டினார். பூசாரியை அப்படியே கை தூக்கியபடி கம்பி வரைக்கும் ஓட்டிப் போய்ப் பார்த்து, ஸ்பிரிங்கில் பட்டை பட்டையாகக் கழற்றி, பூசாரியின் கை நுழைகிற மட்டும் இறக்கினோம். மனுசன் மூன்று தடவை கையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரி சம்பூரணம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். மாவு ஆட்டப் போயிருப்பாள். கையில் துணிப் பெட்டி இருந்தது. மாவுக்கு எதற்குப் பெட்டி என்று கேட்டிருப்பேன். வண்டிக்கு அடியில் படுத்திருந்ததால் கேட்கவில்லை.

மார்ச் 4, புதன்

வண்டி இடது பக்கம் இழுக்கிறது.

மக்காச்சோள லோடு ஏற்றக் கிளம்பினேன். நேராகப் போனால் மெயின் ரோடு. பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது ஸ்டீரிங் தானாக இடது பக்கம் திரும்பிச் சந்துக்குள் போய்ப் பொங்கியண்ணன் வீட்டு வாசலில் நின்றது. சம்பூரணம் வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வண்டியை மட்டும் மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பொங்கியண்ணன் பல் குச்சியோடு வந்தான்.

"என்னங் மாப்ள, இந்தப் பக்கம்?"

"அலைன்மெண்ட் போச்சு மச்சான்."

"வண்டிக்கா?"

"பின்ன யாருக்கு? வண்டிக்குத்தான்."

உயரம் குறைந்தால் ஸ்டீரிங் ராடு கோணம் மாறும், சக்கரம் ஒரு பக்கம் இழுக்கும். இது எல்லா டிரைவருக்கும் தெரிந்தது. பொங்கியண்ணனுக்குத்தான் தெரியாது. டிராக்டர்காரன்.

மார்ச் 5, வியாழன்

எருமை பால் கறக்க விடவில்லை. உதைத்தது. சம்பூரணத்தின் பழைய சேலையைத் தலையோடு முக்காடு போட்டுக்கொண்டு போனேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கறக்க விட்டது. பால்காரன் பார்த்துவிட்டான். இது வண்டி சங்கதி இல்லை. எழுதியிருக்கக் கூடாது.

மார்ச் 6, வெள்ளி

பைபாஸில் சவுகத் பாயின் அலைன்மெண்ட் கடை. நாலு சக்கரத்திலும் கண்ணாடி மாதிரி ஒரு தகட்டை மாட்டினார். கம்ப்யூட்டரில் எங்கள் முன் சக்கரம் ரெண்டும் சிவப்பாக இருந்தது. பாய் ராடைத் திருகினார். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது.

"போலாமுங்ணா. ஸ்டீரிங்கை விட்டுட்டாக்கூட நேராப் போகும்."

ஊருக்குள் வரும் வரைக்கும் நேராகத்தான் வந்தது. பிள்ளையார் கோயில். இடது பக்கம். பொங்கியண்ணன் வீடு.

"மறுக்காவுமா மாப்ள?" என்றான்.

மார்ச் 7, சனி

பாயிடம் போய்ச் சத்தம் போட்டேன். பச்சை காட்டுகிற கம்ப்யூட்டரைத் தூக்கிக் கிணற்றில் போடு என்றேன். பாய் கோபித்துக்கொள்ளவில்லை. கூடவே வந்தார். பிள்ளையார் கோயிலிலிருந்து அவரே ஓட்டினார். வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. திரும்பி வந்து நான் ஓட்டினேன். இடது பக்கம் போய்விட்டது. அவர் ரோட்டைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஊட்ல அக்கா இல்லீங்களாண்ணா?" என்றார்.

வண்டியைப் பற்றிக் கேட்டால் வீட்டைப் பற்றிக் கேட்கிறார். இப்படித்தான் தொழில் செய்கிறார்கள்.

மார்ச் 9, திங்கள்

ரசம் வைத்தேன். புளித் தண்ணீர் கொதித்த மாதிரி இருந்தது. குடித்தேன்.

வண்டி இன்றும் பொங்கியண்ணன் வீட்டு வாசலில் நின்றது. இன்றைக்கு அவன் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்தான். சம்பூரணம் காப்பியை எடுத்து வந்து வைத்தாள், என் கைக்கு எட்டாத இடத்தில். அப்புறம் அவன் சொன்னது வண்டி சம்பந்தப்பட்டது என்பதால் எழுதுகிறேன்.

"ஏனுங் மாப்ள, எந்தங்கச்சிக்கு முட்டி வலி. உங்க வண்டில ஏறோணும்னா ஸ்டூல் போட்டு, ரெண்டு பேரு பொறவால தள்ளோணும். ஆசுபத்திரிக்குப் போறப்பெல்லாம் பஸ்ஸுலயே போறா. வண்டியக் கொஞ்சம் எறக்குங்கன்னு எத்தன வருசமாக் கேட்டா? என்ன சொன்னீங்க?"

நான் சொன்னது உண்மைதான். வண்டிக்கு உயரம்தான் கம்பீரம், ஒரு பட்டையைக்கூடக் கழற்ற மாட்டேன் என்று சொன்னேன். ஊரில் எந்த வண்டிக்கும் இல்லாத மாதிரி ஒரு பட்டை கூடுதலாகப் போட்டு நிமிர்த்தி வைத்திருந்தேன்.

உள்ளேயிருந்து சம்பூரணத்தின் குரல் மட்டும் வந்தது. "கோயில்ல கேட்டாங்க, அன்னைக்கே எறக்கியாச்சு. நான் கேட்டா மட்டும் கம்பீரம். கோயிலுக்கு எறங்குன வண்டி எனக்கு எறங்குலயே!"

அதெல்லாம் வேறு, இதெல்லாம் வேறு என்று விளக்கினேன். யாரும் கேட்கவில்லை. காப்பி ஆறிவிட்டது.

மார்ச் 11, புதன்

கோயில் கமிட்டி வண்டியைப் பார்க்க வந்தது. ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓட்டினேன். கமிட்டி மொத்தமும் பொங்கியண்ணன் வீட்டு வாசலில் போய் இறங்கியது.

அர்த்தனாரி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஆத்துக்குப் போற அம்மன் ஒவ்வொரு ஊட்டு வாசல்லயும் நின்னா என்னப்பா பண்றது? அடுத்த புதன் தாண்டி அதுக்கடுத்த புதன் நோம்பி. அதுக்குள்ள நேராப் போகோணும். இல்லீனா டிராக்டர்தான், சொல்லிப்போட்டேன்." பொங்கியண்ணன் அப்போதே டிராக்டரைக் கழுவ ஆரம்பித்துவிட்டான். என் அப்பன் மாட்டு வண்டியில் கொண்டு போன அம்மன்.

பாய்க்குப் போன் போட்டேன். அவர் ஒரு வழி சொன்னார். "காலி வண்டிக்குப் பண்ணுனது வேற, லோடு வண்டிக்குப் பண்றது வேறங்ணா. அம்மன் கனம் ஏறுனா ஸ்பிரிங் இன்னும் எறங்கும். அந்தக் கனத்தோட நிறுத்திப் பண்ணீரலாம். அம்மன் எத்தன கிலோங்க?"

இதைக் கமிட்டியில் சொன்னதும் ஒரே கூச்சல். அம்மனை எடை போடுவதாவது! தராசு என்ற வார்த்தையையே கோயிலுக்குள் சொல்லக் கூடாதாம். சரி, நெல் மூட்டை வைக்கலாம் என்றால் எத்தனை மூட்டை என்று யாருக்குத் தெரியும்? அம்மனைத் தூக்குகிற நாலு பேரில் மூத்தவன் வெள்ளியங்கிரி. அவன்தான் மெதுவாக வாயைத் திறந்தான்.

"அம்மன் கனத்துக்கு ஒரு ஆளு இருக்குதுங்க. போன வருசம் நோம்பில சம்பூரணக்காளுக்கு அருள் வந்து உழுந்தப்ப நாங்க நாலு பேருதானுங்க தூக்கீட்டுப் போய் ஊட்ல போட்டோம். தோள்ல வெச்சதும் எனக்குத் திக்குனு ஆயிருச்சு. அம்மனேதான். ஒரு குந்துமணி கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வண்டியைப் பார்த்தேன்.

மார்ச் 12, வியாழன்

கேட்கப் போனேன். வழியைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, வண்டியே போய்விட்டது.

சம்பூரணம் கல்லில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"உன்ற கனம் வேணும்" என்றேன்.

"என்னது?"

விவரத்தைச் சொன்னேன். வெள்ளியங்கிரி சொன்னதையும் சொன்னேன். கோபம் வருமா, பெருமை வருமா என்று அவளுக்கே தெரியாமல் கொஞ்ச நேரம் வெங்காயத்தையே பார்த்தாள்.

"அம்மன் கனம்னு சொன்னாங்களா, குண்டுன்னு சொன்னாங்களா?"

"அம்மன் கனம்னுதான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணுஞ் சொல்லுல."

"அதான் தெரியுமே, எப்ப வாயத் தொறந்தீங்க?" என்று சொல்லிவிட்டு வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு வரைக்கும் போய்த் திரும்பி, "ஞாயித்துக்கெழம வர்றேன். அம்மனுக்காக" என்றாள்.

அம்மனுக்காக என்பதை அழுத்திச் சொன்னாள். வரும்போது வண்டிக்குள் ஒரு பாட்டைச் சீட்டியடித்திருக்கிறேன். எருமைக்குக்கூடப் பிடித்தது போல, இன்று சேலையே இல்லாமல் கறக்க விட்டது.

மார்ச் 15, ஞாயிறு

நிறைய எழுத வேண்டும்.

சவுகத் பாய் கடையில் காலையிலேயே வண்டியை ஏற்றி நிறுத்தினேன். பூசாரியும் வந்தார், அவர் கனமும் சேர வேண்டுமே. பலகையைப் போட்டு, பட்டுத் துணி விரித்து, அம்மன் நிற்கிற இடத்தில் ஒரு முக்காலி வைத்தோம். சம்பூரணம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அரக்குக் கலரில் கல்யாணப் பட்டு. நெற்றியில் ரூபாய் அகலத்துக்குப் பொட்டு. தலை நிறையக் கனகாம்பரம்.

"அலைன்மெண்டுக்கு எதுக்கு இத்தன?" என்றேன்.

"அம்மன் எடத்துல உக்காரோணும்ல? நைட்டிலயா வருவாங்க?"

ஏறி உட்கார்ந்தாள். வண்டி மெதுவாகக் கீழே இறங்கியது. கம்ப்யூட்டரில் பச்சையாக இருந்ததெல்லாம் சட்டென்று சிவப்பானது. "பாத்தீங்களாங்ணா!" என்று பாய் கத்தினார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. வண்டியில்தான் கோளாறு என்று இத்தனை நாளாக ஊருக்கெல்லாம் சொன்னேனே!

பாய் கீழே போய் ராடைத் திருக ஆரம்பித்தார். அசையக் கூடாது என்று சொல்லியிருந்ததால் சம்பூரணம் கையை மடியில் வைத்து, கண்ணை நேராக வைத்து, சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். பூசாரிக்குக் கை சும்மா இருக்கவில்லை, பழக்கதோசத்தில் சாமரம் வீச ஆரம்பித்தார்.

அப்போதுதான் வினை பிடித்தது. பைபாஸில் போன ஒரு சிமெண்டு லாரி ஓரம் கட்டியது. டிரைவர் இறங்கி வந்து செருப்பைக் கழற்றி விட்டு, எலுமிச்சம்பழத்தை எங்கள் முன் சக்கரத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டான். அவன் கும்பிட்டதைப் பார்த்து ரெண்டு பைக் நின்றது. அப்புறம் ஒரு மினி பஸ் மொத்தமும் இறங்கியது. யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். "கம்ப்யூட்டர் பக்கத்துல கொளுத்தாதீங்க!" என்று பாய் வண்டிக்கு அடியிலிருந்து கத்தியது யார் காதிலும் விழவில்லை.

சிமெண்டு லாரிக்காரன் கையைக் கட்டிக்கொண்டு, "தாயே, ஊட்ல தெனமும் சண்டை. ஒரு வாக்குச் சொல்லு" என்றான்.

சம்பூரணம் என்னைப் பார்த்தாள். பூசாரியைப் பார்த்தாள். அப்புறம் தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பினாள் பாருங்கள், கனகாம்பரம் நாலா பக்கமும் தெறித்தது. வண்டி ஆடியது. "ஆடாதீங்கக்கா, சிவப்பாகுது!" என்று கீழேயிருந்து பாய்.

"டேய்!" என்றாள்.

லாரிக்காரன் ரெண்டடி பின்னால் போனான். ஆனால் அவள் கை நீண்டது என் பக்கம்.

"டேய் செங்கோட்டுவேலு!"

இருபத்துச் சொச்சம் வருசத்தில் என்னைப் பேர் சொல்லி ஒருநாள் கூப்பிட்டதில்லை. கடைக்காரன், பஸ்காரன், கல்லூரிப் பிள்ளைகள், எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். போன வருச அருள் எனக்குத் தெரியும், அப்போது கண் சொருகியிருந்தது. இன்றைக்குக் கண் நல்லாத் தெளிவாக இருந்தது.

"ஒசரம் ஒசரம்னு நிமுந்துக்கிட்டு நின்னயே! எனக்கு முட்டி வலிச்சப்ப எங்கடா போச்சு உன்ற கம்பீரம்?"

"ஏனுங்க, அம்மனுக்கு முட்டி வலீங்களா?" என்று பூசாரி பதறிப் போய் என்னிடம் கேட்டார்.

"சாமி, பதில் சொல்லுங்க சாமி, கோவிச்சுக்கப் போகுது" என்று சிமெண்டு லாரிக்காரன் என் முதுகைத் தள்ளினான். வேறு வழி? கையெடுத்துக் கும்பிட்டேன். "தப்புத்தான் தாயே" என்றேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கற்பூரப் புகை.

"இனிமே?"

"இனிமே கேட்டதும் எறக்கீர்றேன் தாயே."

கூட்டம் குலவை போட்டது. நான் கும்பிட்டது அம்மனை. அதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்.

சம்பூரணம் ஒரு கொட்டாவி விட்டு அடங்கினாள். லாரிக்காரனைப் பார்த்து, "நீ நேரா ஊட்டுக்குப் போடா" என்று மட்டும் சொன்னாள். அவன் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனான். பாய் கீழேயிருந்து எழுந்து வந்தார். நாலு சக்கரமும் பச்சை.

வரும்போது அவளை முன் சீட்டில் ஏறச் சொல்லலாம் என்று கதவைத் திறந்து வைத்திருந்தேன். அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். வண்டி பிள்ளையார் கோயிலைத் தாண்டி நேராக வீட்டுக்கு வந்தது.

மார்ச் 17, செவ்வாய்

காப்புக் கட்டு. எங்கள் கோயில் முறைப்படி காப்புக் கட்டுவது மூன்று பேருக்கு. பூசாரி, வண்டிக்காரன், வண்டிக்காரனின் வீட்டுக்காரி. காப்புக் கட்டாதவர்கள் அம்மன் ஏறிய வண்டியில் கால் வைக்கக் கூடாது. சம்பூரணம் வருவாளோ மாட்டாளோ என்று எனக்கு மத்தியானத்திலிருந்தே சோறு இறங்கவில்லை. வந்தாள். என் பக்கத்தில் நின்றாள். கையை நீட்டிக் காப்பைக் கட்டிக்கொண்டு, அண்ணனோடு திரும்பிப் போய்விட்டாள்.

பொங்கியண்ணன் இந்த வருசம் திருவாசியின் உச்சிக்குப் புதிதாக ஒரு பித்தளைத் தாமரை மொக்கு உபயம் செய்திருக்கிறான். பெரிய எழுத்தில் பேரும் வெட்டியிருக்கிறான். டிராக்டர் கிடைக்கவில்லை என்ற வயிற்றெரிச்சல்.

மார்ச் 20, வெள்ளி

வண்டி நேராகப் போகிறது. டயரில் தேய்மானம் இல்லை. பிள்ளையார் கோயில் சந்து முனையைத் தாண்டும்போது ஸ்டீரிங் கொஞ்சம்கூட அசையவில்லை. சவுகத் பாய் வேலை சுத்தம். வேலை இவ்வளவு சுத்தமாக இருந்திருக்க வேண்டாம்.

மார்ச் 22, ஞாயிறு

எருமை மறுபடி உதைத்தது.

மார்ச் 25, புதன், நோம்பி

இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன்.

அம்மனை ஏற்றினார்கள். மேளம், தீச்சட்டி, வேப்பிலை, ஊரே பின்னால். அர்த்தனாரி முன்னால் நடந்தார். வண்டி நேராகப் போனது. பிள்ளையார் கோயிலைத் தாண்டியதும் ஜனம் கை தட்டியது. சந்து முனையில் சம்பூரணம் பெண்களோடு நின்றிருந்தாள். நான் நேராகப் பார்த்துக்கொண்டு போனேன். அந்த நேரத்தில் வண்டி இடது பக்கம் இழுக்காதா என்று மனசு அடித்துக்கொண்டது, மறைப்பானேன்.

சுரங்கப் பாதைக்கு வந்தோம். பூசாரி பின்னாலிருந்து, "நிறுத்து நிறுத்து நிறுத்து!" என்று அலறினார். இறங்கிப் பார்த்தேன். திருவாசி கம்பிக்குக் கீழேதான் இருந்தது. அதன் மேல் இருந்த பொங்கியண்ணனின் தாமரை மொக்கு ஒரு விரல் அகலத்துக்கு இடித்தது. ஒரு விரக்கடை. ஒரே ஒரு விரக்கடை!

அந்த மொக்கைக் கழற்றித் தொலையுங்கள் என்றேன். அலங்காரம் முடிந்து தீபாராதனையும் காட்டிவிட்டால் தீர்த்தமாடும் வரைக்கும் அம்மன் மேலிருந்து ஒரு பூவைக்கூட எடுக்கக் கூடாது என்றார் பூசாரி. டயரில் காற்றை இறக்கினோம். ரிம் தரையில் படுகிற மட்டும் இறக்கினோம். அப்போதும் இடித்தது. அர்த்தனாரி வாட்சைப் பார்த்தார். உச்சிப் பொழுதுக்கு முன்னால் அம்மன் தண்ணீரில் இறங்க வேண்டும். பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பொங்கியண்ணன் டிரெய்லருக்கு மாலையே போட்டு எடுத்து வந்திருக்கிறான்.

"என்ன பண்றதுங் மாப்ள, அம்மன் பாதில நிக்கறாப்பல உடலாமா?"

என் அப்பன் நினைப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடக்கவில்லை, வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

"இன்னுங் கொஞ்சம் கனம் ஏறுனா ஸ்பிரிங் எறங்கும்ங்ணா!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து சவுகத் பாய் கத்தினார். நோம்பி பார்க்கக் குடும்பத்தோடு வந்திருந்தார். உடனே பத்துப் பேர் வண்டியில் ஏறக் காலைத் தூக்கினார்கள். "காப்பு! காப்பு!" என்று பூசாரி வேப்பிலையாலேயே எல்லோரையும் அடித்து விரட்டினார். காப்புக் கட்டியவர் தவிர யாரும் ஏறக் கூடாது. பூசாரி ஏற்கனவே வண்டி மேல் இருக்கிறார். என் கனம் ஸ்டீரிங்கில் இருக்கிறது.

ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் பெண்கள் பக்கம் திரும்பியது.

நான் நடந்து போனேன். இத்தனை பேர் முன்னால் ஒருநாளும் அவளிடம் பேசியதில்லை. "சம்பூரணம், முன்னால வந்து உக்காரு" என்றேன்.

"அம்மனுக்காகவா?"

மேளக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"எனக்காக" என்றேன். "ஊட்ல ஒண்ணும் முடியல. வா."

அவள் வந்தாள். இடது கதவைத் திறந்தாள். ஸ்டூல் இல்லை, பின்னால் தள்ள ஆள் இல்லை. ஒரு கையால் கதவோரக் கம்பியைப் பிடித்தாள், சாதாரணமாகப் படி ஏறுகிற மாதிரி ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஏறிவிட்டுக் கீழே குனிந்து தரையைப் பார்த்தாள். அவளுக்கே ஆச்சரியம். வண்டி பெருமூச்சு விட்ட மாதிரி இறங்கியது.

"போலாம்! போலாம்! போலாம்!" என்று பூசாரி பின்னாலிருந்து. கம்பிக்கும் மொக்குக்கும் நடுவில் ஒரு வெற்றிலை நுழைகிற இடம்தான் இருந்ததாம். நான் பார்க்கவில்லை. மெதுவாக உருட்டினேன். சுரங்கத்துக்குள் குலவைச் சத்தம் காதைப் பிளந்தது.

"முட்டி வலிக்குதா?" என்று கேட்டேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள். அவள் தலைக் கனகாம்பரத்தில் ஒரு சரம் நழுவி கியர் மேல் விழுந்தது. அதை எடுத்து மறுபடி தலையில் செருகிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் ஏறியதும் டயருக்குக் காற்று வேண்டுமே. பொங்கியண்ணன்தான் டிராக்டரில் காற்றடிக்கிற மெஷினை மாட்டிக்கொண்டு வந்து நாலு சக்கரத்துக்கும் அடித்துக் கொடுத்தான். "என்ற மொக்கு அழகா இருந்துச்சில்லீங் மாப்ள?" என்று கேட்டான். இருந்தது என்றேன்.

மார்ச் 26, வியாழன்

பெட்டி வந்துவிட்டது. வண்டியில்தான் ஏற்றி வந்தேன். ரசம் ரசம் மாதிரி இருந்தது. எருமை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் பக்கத்தில் காலியாக இருந்த கோட்டில் அவள் பெயரை எழுதினேன்.

மார்ச் 28, சனி

சவுகத் பாய் போன் போட்டார். நோம்பிதான் முடிந்துவிட்டதே, பழைய உயரத்துக்கே பட்டைகளை ஏற்றிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் பாய், அந்தப் பட்டையையெல்லாம் பழைய இரும்புக்குப் போடப் போகிறேன் என்றேன். "உங்க கம்பீரம் போயிருமேங்ணா?" என்று சிரித்தார். போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் முட்டிக்கு வைத்தியம் பார்க்கச் சங்ககிரி ஆசுபத்திரிக்குப் போனோம். வீட்டு வாசலிலேயே ஏறினாள். போகும்போதும் நேர், வரும்போதும் நேர். பிள்ளையார் கோயில் வந்ததும் அவளே, "அண்ணன் ஊட்டுக்குப் போய்ட்டுப் போலாமா?" என்றாள். இடது பக்கம் திருப்பினேன். இந்தத் தடவை நான் திருப்பித்தான் திரும்பியது.

வீட்டில் வந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள்.

"ஏனுங்க, இன்னும் ஒரு விரக்கடை எறக்குனா நல்லாருக்குமில்ல?"

இதற்கு மேல் இறக்கினால் வேகத்தடையில் அடி தட்டும். லோடு ஏற்ற முடியாது. பழைய அலைன்மெண்ட் மொத்தமும் வீணாகிவிடும். ஊர்க்காரன் சிரிப்பான்.

நாளைக்குக் காலையில் முதல் வேலையாகப் பாய் கடைக்குப் போக வேண்டும்.